சிறு தோட்டத்தில் கூட்டுப்பயிர்த் தேர்வு: பக்கமா, பருவமா?

தக்காளிக்குத் துளசி நட்பு, அவரைக்கு வெங்காயம் பகை என்று சொல்லும் பட்டியல் ஒன்று இன்று வீட்டுத் தோட்டக்காரர் பலரிடம் இருக்கிறது. இத்தகைய பட்டியல்களைப் பரவலாக்கியதில் லூயிஸ் ரியோட் 1975-இல் வெளியிட்ட 'கேரட்ஸ் லவ் டொமேட்டோஸ்' என்ற அமெரிக்க நூலுக்குப் பெரும்பங்கு உண்டு. எந்தச் செடிக்குப் பக்கத்தில் எந்தச் செடி என்பதே இவற்றின் கேள்வி. அக்கேள்வியைக் கடைசியில்தான் கேட்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். சேர்த்து நடுவதால் கிடைப்பதாகச் சொல்லப்படும் நன்மைகளில் பெரும்பகுதி காலத்தைச் சார்ந்தது: எது முன்னே வருகிறது, எது பின்னே வருகிறது, எது எத்தனை நாளில் இடத்தைவிட்டுப் போகிறது.

பயறு வகையை எடுத்துக்கொள்வோம். தட்டைப்பயறின் வேர்முடிச்சில் உள்ள பாக்டீரியா காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துவைப்பது உண்மை. அருகிலிருக்கும் கத்தரிக்கு அது உடனே ஊட்டுகிறது என்பதுதான் நம்பிக்கை. பிடித்த தழைச்சத்தில் பெரும்பங்கைப் பயறுச்செடி தன் இலைக்கும் விதைக்கும் வைத்துக்கொள்கிறது. வேரும் தழையும் மண்ணில் மட்கிய பிறகே மற்றப் பயிருக்கு அது கிடைக்கும். ஆகவே தட்டைப்பயறு கத்தரிக்கு நல்ல முன்பயிர். பக்கப்பயிராக அதன் கொடை சிறிது. காய் பறித்து முடிந்ததும் செடியை வேரோடு பிடுங்கி வெளியே எறிந்துவிட்டால் அந்தச் சிறிதும் போயிற்று.

செண்டுமல்லி இன்னும் தெளிவான சான்று. வேர்முடிச்சு நூற்புழுவை அது அடக்குவதற்குக் காரணமாகச் சொல்லப்படும் பொருள்களில் முதன்மையானது ஆல்பா-டெர்தியெனில். அதன் விளைவு செண்டுமல்லியின் வேரிலும் வேரை ஒட்டிய மண்ணிலும்தான் வலுவாக இருக்கும். தக்காளி வேரைத் துளைத்து உள்ளே போய்விட்ட புழுவை, ஓரடி தள்ளி நிற்கும் செண்டுமல்லியால் ஒன்றும் செய்ய இயலாது. தக்காளிக்கு முந்தைய பருவத்தில் அதே பாத்தியில் அடர்த்தியாக வளர்க்கும்போதே அது நன்கு பயன்படுகிறது. காய்ப்புழுவுக்குப் பொறிப்பயிராக வைக்கும்போதும் கணக்கு இதுவே. பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரை, பதினாறு வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுமல்லி. நாற்றின் வயது செண்டுமல்லிக்கு 40 நாள், தக்காளிக்கு 25 நாள். இரண்டும் ஒரே வேளையில் பூத்தால்தான் தாய்ப் பூச்சி முட்டையிடச் செண்டுமல்லியைத் தேடிப் போகும். அந்தப் பதினைந்து நாள் வேறுபாட்டை விட்டுவிட்டு, வரிசையை மட்டும் பின்பற்றுவோர் பலர். மேலும் இது வயலுக்கான கணக்கு. ஆறு செடித் தக்காளிக்கு இரண்டு செண்டுமல்லி வைத்து அதே பலனை எதிர்பார்க்க இடமில்லை.

அண்மைக்கு விளைவே இல்லை என்று சொல்ல முடியாது. ஸ்டான் ஃபிஞ்சும் ரோஸ்மேரி காலியரும் 2000-இல் முன்வைத்த விளக்கம் இங்கே முக்கியமானது. முட்டைக்கோஸ் வேர் ஈ பறந்து வந்து கண்ணில் பட்ட பச்சைப் பரப்பில் இறங்குகிறது. உரிய இலைகளில் அடுத்தடுத்து இறங்கிச் சோதித்த பிறகே முட்டையிடுகிறது. இடையில் வேறு இலை குறுக்கிட்டால் அந்தத் தொடர் அறுந்து, ஈ விலகிப் போகிறது. மணமற்ற செடிகளும், பச்சைத் தாள்கூட, இந்த வேலையைச் செய்தன. அதாவது அண்மை உதவுகிறது. ஆனால் எந்தச் செடி என்பதைவிட, வெற்று மண்ணை ஏதோ ஒரு பசுமை மூடியிருப்பதே உதவுகிறது. நட்புப் பட்டியலின் அடிப்படையை இது அசைக்கிறது.

விளைச்சலை அளக்கும் முறையிலும் காலம் மறைந்துபோகிறது. கூட்டுப்பயிரின் ஆதாயத்தை நிலச் சமன் விகிதத்தால் கணிப்பது வழக்கம். தனித்து வளர்த்தால் கிடைப்பதில், கூட்டாக வளர்க்கும்போது ஒவ்வொரு பயிரும் எவ்வளவு தருகிறது என்பதன் கூட்டுத்தொகை அது. கற்பனைக் கணக்கு ஒன்று: 150 நாள் கத்தரி 0.95, இடையில் 45 நாள் முள்ளங்கி 0.5 என்றால் விகிதம் 1.45. ஆனால் தனி முள்ளங்கிப் பாத்தி 45 நாளில் காலியாகி அடுத்த பயிருக்கு இடம் தந்திருக்குமே! ஹீப்ஷும் மெக்காலமும் 1987-இல் முன்மொழிந்த பரப்பு-கால விகிதம் நாட்களையும் சேர்க்கிறது. அதன்படி மதிப்பு 1.10 மட்டுமே. 45 விழுக்காடு ஆதாயம் 10 விழுக்காடாகச் சுருங்குகிறது. என் மதிப்பீட்டில் சிறு தோட்டத்துக்குப் பொருத்தமானது இந்தக் கடுமையான கணக்குதான். அங்கே ஒரு சதுர அடியும் நீண்ட நாள் சும்மா கிடப்பதில்லை.

எனவே ஆடிப்பட்டத்துக்குப் பாத்தி பிரிக்கும்போது முதலில் எழுத வேண்டியவை நாட்கள். கத்தரி நாற்று நட்டுக் காய்ப்புக்கு வரச் சுமார் இரண்டு மாதம் ஆகும். அதுவரை வரிசை இடைவெளியில் வெயில் விழும். 25 நாளில் பிடுங்கும் முளைக்கீரை, 45 நாள் முள்ளங்கி, எழுபது நாளை ஒட்டி அறுவடையாகும் சின்ன வெங்காயம் மூன்றும் அந்த வெயிலுக்குப் பொருந்தும். வெங்காயத்தின் கடைசி நாட்களில் மட்டும் கத்தரியின் நிழல் விழத் தொடங்கியிருக்கும். அதனால் அதை நாற்று நடும் அன்றே ஊன்றிவிட வேண்டும். இவை மூன்றும் போய், கத்தரியும் முடிந்த பின் அதே பாத்திக்கு அடுத்து எது என்ற கேள்வியில்தான் சிக்கல். கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம். நூற்புழுவும் வாடல் நோயும் மூன்றுக்கும் பொது. வெண்டையும் நூற்புழுவுக்கு இடம் கொடுக்கும். ஆனால் சமையலறைக்கு நான்கும் ஆண்டு முழுக்க வேண்டும். ஆகவே இருக்கும் இடத்தை மூன்று பங்காக்கி, ஒரு பங்கை எப்போதும் கீரை, வெங்காயம், செண்டுமல்லி ஆகியவற்றுக்கு ஒதுக்கி, பருவத்துக்குப் பருவம் அந்தப் பங்கை நகர்த்திக்கொண்டே போக வேண்டியிருக்கிறது.