22 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் உற்பத்திக்கு வந்த 'ட்வின் ஓட்டர்' விமானம்

கனடாவின் டி ஹாவிலாண்ட் நிறுவனம் வடிவமைத்த 'ட்வின் ஓட்டர்' விமானம் 1965-ஆம் ஆண்டு முதன்முறையாகப் பறந்தது. 19 பயணிகள் வரை செல்லக்கூடிய, இரட்டை என்ஜின் கொண்ட இந்த விமானம் குறுகிய ஓடுபாதையில் இறங்கும் திறன் பெற்றது. மிதவைகள் பொருத்தினால் நீரிலும், சறுக்குப் பட்டைகள் பொருத்தினால் பனியிலும் இறங்கும். மொத்தம் 844 விமானங்கள் தயாரிக்கப்பட்ட நிலையில், 1988-இல் உற்பத்தி நிறுத்தப்பட்டது.

எனினும், மாலத்தீவு போன்ற தீவுகளிலும் துருவப் பகுதிகளிலும் இதற்கு ஈடான மாற்று எளிதில் கிடைக்காததால், பழைய விமானங்களே தொடர்ந்து இயக்கப்பட்டன. அவற்றுக்கு உதிரிபாகங்கள் தயாரித்து வந்த கனடாவின் வைக்கிங் ஏர் நிறுவனம், 2006-இல் பம்பார்டியர் நிறுவனத்திடமிருந்து வடிவமைப்புச் சான்றிதழைப் பெற்றது. அடிப்படை வடிவம் தக்கவைக்கப்பட்டு, திறன் கூடிய என்ஜின்களும் மின்னணுத் திரைகள் கொண்ட விமானி அறையும் சேர்க்கப்பட்டன.

புதிய '400 வரிசை'யின் முதல் விமானம் 2010-இல் சுவிட்சர்லாந்தின் ஸிமெக்ஸ் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அதன் பின்னர் 100-க்கும் மேற்பட்ட விமானங்கள் தயாரிக்கப்பட்டுள்ளன.