கறுப்புக் கோட்டின் கதை

கோடைக்காலத் திருமணங்களில் நாம் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. வெயில் கொளுத்தும் பகலில் மணமகன் கறுப்புக் கோட்டும் நீள்காற்சட்டையும் அணிந்து, வியர்வை வழிய, பீடத்தின் முன் நிற்பார். குளிர்நாட்டு உடை நமக்கு எதற்கு என்று பெரியவர்கள் முணுமுணுப்பார்கள். நாமும் முணுமுணுத்தவர்தாம். திருவுடைக்குள் நாமும் வியர்த்துக்கொண்டே நிற்பதால் அதனை உரக்கச் சொல்வதில்லை. ஆயினும் அந்த உடை பிறந்த வரலாற்றைப் படித்த பின்னர், அதனை வெறும் பகட்டு என்று ஒதுக்க நமக்கு மனம் வரவில்லை.

ஐரோப்பாவில் நெடுங்காலம் ஆணும் பெண்ணும் தளர்ந்து தொங்கும் நீண்ட அங்கியையே அணிந்தனர். 1340-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆடவர் உடை குறுகி, உடலோடு ஒட்டியது. துணியை வளைத்து வெட்டவும், கைப்பகுதியைத் தனியே தைத்துப் பொருத்தவும், வரிசையாகப் பொத்தான் வைத்து இறுக்கவும் தையற்காரர்கள் தேர்ந்தனர். அதன் பின் ஆடையின் வடிவம் தலைமுறைக்குத் தலைமுறை மாறலாயிற்று. நாம் 'ஃபேஷன்' என்று சொல்வது அப்போதுதான் பிறந்தது என்பர் வரலாற்றாசிரியர் பலர்.

அது பிறந்த சில ஆண்டுகளில் கொள்ளைநோய் வந்தது. இங்கிலாந்தில் 1348-49-இல் மக்கள் கூட்டம் கூட்டமாக மடிந்ததால், எஞ்சியிருந்த உழைப்பாளியின் கூலி உயர்ந்தது. கையில் நாலு காசு சேர்ந்ததும் அவன் நல்ல துணி வாங்கினான். ஆண்டைகளால் அதனைப் பொறுக்க முடியவில்லை. 1363-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. 40 ஷில்லிங் பெறுமான பொருள் இல்லாத உழவரும் வண்டியோட்டிகளும் ஆடு மேய்ப்போரும் முரட்டுக் கம்பளித் துணியைத் தவிர வேறெதுவும் உடுத்தலாகாது என்றது அச்சட்டம். ஓரிரு ஆண்டுகளிலேயே அதனை நீக்க நேர்ந்தது. ஆனாலும் ஆசை விடவில்லை. 1463-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, பிரபுவுக்குக் கீழ்ப்பட்டவனின் காலணி முனை இரண்டு அங்குலத்திற்கு மேல் நீளலாகாது என்று அளந்து சொன்னது! இத்தகைய ஆடைச் சட்டங்களை இங்கிலாந்து 1604-இல் கைவிட்டது. சட்டங்கள் திரும்பத் திரும்ப இயற்றப்பட்டமையே, எவரும் அவற்றுக்குப் பணியவில்லை என்பதற்குச் சான்று.

பிரான்சு நாட்டில் இவ்வேலி இன்னும் உயரமாக நின்றது. பதினான்காம் லூயி மன்னரின் அவையில் காலணியின் சிவப்புக் குதியே உயர்குடியின் அடையாளம். பட்டும் சரிகையும் பொய்மயிரும் ஆடவர்க்கும் உரிய அணிகளாக இருந்தன.

1789-ஆம் ஆண்டு மே 4-ஆம் நாள் வெர்சாய் நகரில், மூன்று வகுப்பாரின் பேரவை கூடுவதற்கு முன், நற்கருணைப் பவனி நடைபெற்றது. யார் எதை அணிவது என்று அரண்மனைச் சடங்கு அதிகாரி முன்கூட்டியே ஆணையிட்டிருந்தார். பிரபுக்களுக்குக் கறுப்புப் பட்டு, பொற்சரிகை, வெண்ணிறகு செருகிய தொப்பி. பொதுமக்களின் பிரதிநிதிகளுக்குக் கறுப்புக் கம்பளி உடை, அணியேதுமற்ற தொப்பி. அவர்களுள் வழக்கறிஞர்களே மிகுதி, செல்வரும் பலர். எனினும் தோற்றத்தில் தாழ்ந்தே நிற்க வேண்டும் என்பது கட்டளை. பிரிட்டனிப் பகுதி விவசாயி மிஷேல் ஜெரார் என்பவர் மட்டும் அதற்கு இணங்காமல், தம் ஊர் உழவர் உடையிலேயே வந்தார்.

பங்குக்குரு என்ற முறையில், அப்பவனியின் வேறொரு பகுதியே நம்மை அதிகம் உறுத்துகிறது. ஆயர்கள் ஊதா அங்கியில் நடந்தனர். கறுப்பு அங்கி அணிந்த பங்குக்குருக்கள் தனியே நடந்தனர். இரு சாராருக்கும் இடையில் அரசரின் இசைக்குழுவினர் நிறுத்தப்பட்டிருந்தனர். ஒரே குருத்துவம், நடுவிலோ மேளமும் குழலும்! ஆயர்கள் ஏறத்தாழ அனைவரும் பிரபுக் குடும்பத்தினர். பங்குக்குருக்களுள் ஆண்டுக்கு 700 லிவர் ஊதியத்தில் காலந்தள்ளியோர் பலர். குருகுலத்தின் ஏறத்தாழ 300 பிரதிநிதிகளுள் இத்தகைய பங்குக்குருக்களே 200 பேருக்கு மேல் இருந்தனர். ஜூன் 13-ஆம் நாள் புவாத்தூப் பகுதிப் பங்குக்குருக்கள் மூவர் எழுந்து சென்று பொதுமக்களின் அவையில் அமர்ந்தனர். அடுத்த நாள்களில் மேலும் சிலர் சென்றனர். ஜூன் 19-இல் குருகுலத்தின் பெரும்பான்மையே அவ்வாறு வாக்களித்தது. கறுப்பு அங்கி கறுப்புக் கோட்டின் அருகில் போய் உட்கார்ந்தது என்றே நாம் அதனை நினைத்துக்கொள்வது வழக்கம்.

அதன் பின் நடந்தவை யாவும் இனிமையானவை அல்ல. வகுப்புக்கொரு உடை என்ற முறை ஒழிந்தது. ஆயினும் 1792-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள், புனித வெள்ளியன்று, குருக்கள், துறவியரின் அங்கிக்கே தடை விதிக்கச் சட்டமன்றம் தீர்மானித்தது. 1793 அக்டோபர் 29-இல், இன்னவாறு உடுத்து என்று எவரும் எவரையும் வற்புறுத்தலாகாது என ஆணை பிறந்தது. ஆனால் மூவண்ணச் சின்னம் அணிய வேண்டும் என்ற கட்டாயம் அப்படியே நீடித்தது. விடுதலை தந்த கையே விலங்கையும் வைத்திருந்தது.

புரட்சியின் தெருக்களில் உழைப்பாளிகளுக்கு 'சான்கியுலோத்' என்று பெயர். முழங்காலோடு நிற்கும் பிரபுக்களின் காற்சட்டை இல்லாதவர் என்பது பொருள். அவர்கள் அணிந்தது கணுக்கால் வரை நீண்ட காற்சட்டை. இருபது, முப்பது ஆண்டுகளுக்குள் அரச குடும்பத்தாரும் அதற்குள் கால் நுழைத்தனர். இங்கிலாந்து நாட்டுப்புறக் கனவான்களின் எளிய கோட்டுக்கும் இம்மாற்றத்தில் பங்குண்டு என்பதை மறைப்பதற்கில்லை. ஆடவர் பட்டையும் வண்ணத்தையும் துறந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வங்கி முதலாளியும் அமைச்சரும் எழுத்தரும் ஒரே கறுப்பில் நடந்தனர். துணியின் தரத்தைத் தொட்டுப் பார்த்தாலன்றி வேறுபாடு தெரியாது. தாழ்வின் அடையாளமாக 1789-இல் சுமத்தப்பட்ட நிறம் எல்லாருக்கும் உரியதாயிற்று.

எல்லாருக்கும் என்பதில் பெண்களைச் சேர்க்க முடியவில்லை. 1793-ஆம் ஆண்டு ஆணையே, அவரவர் பாலுக்குரிய உடை என்று வரம்பு கட்டியிருந்தது. ஆண்கள் கைவிட்ட பகட்டையெல்லாம் பெண்களின் மேனி சுமந்தது; 1850-களில் எஃகு வளையங்களைப் பாவாடைக்குள் கட்டி நடந்தனர். ஆணுடை அணிய விரும்பும் பெண் காவல்துறையிடம் அனுமதிச்சீட்டு பெற வேண்டும் என்று பாரிசு நகரில் 1800 நவம்பரில் பிறந்த ஆணை, மிதிவண்டி ஓட்டும் பெண்ணுக்கும் குதிரைக் கடிவாளம் பிடிக்கும் பெண்ணுக்கும் மட்டும் பின்னாளில் விலக்களித்தது. அது செல்லாது என்று பிரெஞ்சு அரசு முறைப்படி அறிவித்தது 2013 சனவரி 31-ஆம் நாளில்தான். அதற்கு வெகுகாலம் முன்பே பாரிசுப் பெண்கள் எவரையும் கேளாமல் காற்சட்டை அணிந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தனர்.