முதியோர் வதையும் எழுதிக் கொடுத்த வீடும்

முதியோர் வதை என்றால் அடி உதை மட்டுமல்ல. ஓய்வூதிய ஏடிஎம் அட்டை மகனின் சட்டைப்பையில் கிடக்கும்; உடைந்த மூக்குக்கண்ணாடி மாதக்கணக்கில் மாற்றப்படாது; தீர்ந்துபோன சர்க்கரை மாத்திரையை யாரும் வாங்கி வர மாட்டார்கள். 60 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ 6 பேரில் ஒருவர் ஓராண்டுக்குள் ஏதேனும் ஒரு வகை வதைக்கு ஆளாகிறார் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதன் கொடிய எல்லை, விருதுநகர் வட்டாரத்தில் முதியவரைக் குடும்பத்தாரே சாகடித்த தலைக்கூத்தல் என்ற வழக்கம். எண்ணெய்க் குளியலும் இளநீருமாக முடிக்கப்படும் அந்த மரணத்தைப் பேசிய ‘பாரம்’ திரைப்படம் தேசிய விருது பெற்றது.

வதைப்பவர் பெரும்பாலும் சோறு போடுபவரே. அதனால்தான் புகார் வெளியே வருவதில்லை. மகனை அருகில் வைத்துக்கொண்டு விசாரித்தால், “எனக்கென்ன குறை” என்ற பதிலே கிடைக்கும். தனியே பேச வேண்டும். பெரியவரின் சம்மதமில்லாமல் மகனிடம் சண்டைக்குப் போனால், ஆத்திரம் அன்றிரவே அவர் மீதுதான் திரும்பும்.

இந்தியாவில் இதற்கென்றே 2007ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. தமிழகத்தில் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் பெற்றோரே மனுக் கொடுக்கலாம்; முடியாதவர் சார்பில் வேறொருவரும் கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகைக்கு உத்தரவிட முடியும். முதியவரைக் கைவிட்டால் 3 மாதம் வரை சிறை.

சட்டத்தின் கூர்மையான பகுதி 23ஆம் பிரிவு. பராமரிப்பதாகச் சொல்லிச் சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு கைவிரித்தால், அந்தப் பத்திரத்தையே ரத்துச் செய்யலாம். ஆனால் நிபந்தனை இருந்ததை நிரூபிக்க வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அன்பை மட்டும் நம்பிக் கையெழுத்திட்ட பலருக்கு இது பெருஞ்சிக்கல். மத்தியப் பிரதேசத்துத் தாய் ஒருவர் 2019இல் மகனுக்குத் தானப் பத்திரம் எழுதினார். காப்பாற்றுவதாக மகன் தனித்தாளில் உறுதி எழுதிக் கொடுத்திருந்தார். பத்திரத்திலேயே நிபந்தனை இல்லை என்று உயர் நீதிமன்ற அமர்வு தாய்க்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, சொத்தைத் தாயிடமே ஒப்படைக்க உத்தரவிட்டது.

இத்தனை அலைச்சலைத் தவிர்க்க வழி உண்டு. செட்டில்மென்ட் எழுதும்போதே பராமரிப்பு நிபந்தனையையும், ஆயுள் உள்ளவரை அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையையும் சேர்த்துவிட வேண்டும். கேட்கக் கூச்சப்படுகிறவர்கள்தான் பிறகு கோட்டாட்சியர் அலுவலகத் திண்ணையில் காத்திருக்கிறார்கள். முதலில் யாரிடமாவது பேச நினைப்பவர்களுக்கு 14567 என்ற முதியோர் உதவி எண் உண்டு; கட்டணம் இல்லை.