பெட்டி ஒருத்தியிடம், சாவி இன்னொருத்தியிடம்: நம் தலைவிகள் வந்த வழி



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கன்னு கேட்டாங்க. கோலமும் சமையல் குறிப்பும் எழுத நிறைய பேர் இருக்காங்க. அடுத்த மாதம் நம்ம குழுக்களுக்கும் தையல் மையத்துக்கும் புதிய பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுக்கப் போகிறோம். அதனால் தலைவி என்கிற பொறுப்பு நமக்கு எப்படி வந்தது என்ற கதையை எழுதலாம் என்று நினைத்தேன்.

தேர்தல் பேச்சு எடுத்தாலே நம்ம கூட்டத்தில் என்ன கேட்கும்? "எனக்கு வேண்டாம்மா, வீட்ல ஒத்துக்க மாட்டாங்க." "அவளே இருக்கட்டும், அவதான் நாலு எழுத்து படிச்சவ." இரண்டு நிமிஷத்தில் பழைய ஆளே மறுபடியும் வந்துவிடுவார். எல்லாரும் கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போய் உலை வைப்போம். அது சுலபம்தான். ஆனால் நமக்கு முன்னே கூட்டு வேலை செய்த பெண்கள் தலைமையை அப்படி ஒருத்தி தலையில் கட்டிவிடவில்லை. யோசித்து, பட்டு, ஒவ்வொரு விதியாக உண்டாக்கினார்கள். நான் படித்தது பத்தாவது வரைதான். பயிற்சியில் கேட்டதையும் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

அப்பளம் போட்ட 7 பேர்

1959 மார்ச் 15-ஆம் தேதி. பம்பாயில் கிர்காம் என்ற இடத்தில் ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் 7 குஜராத்திப் பெண்கள் உட்கார்ந்து அப்பளம் தேய்த்தார்கள். அவர்களில் ஒருவர் ஜஸ்வந்திபென் போபட். முதல் போட்டது 80 ரூபாய், அதுவும் கடன். அன்றைக்குத் தயாரானது 4 பாக்கெட். இன்று கடைகளில் பார்க்கிறோமே லிஜ்ஜத் அப்பளம், அதன் பிறப்பு இதுதான். முதல் வருஷம் மொத்த விற்பனை 6,196 ரூபாய்.

அந்த முதல் வருஷம் மழைக்காலத்தில் அப்பளம் காயவில்லை. நாலு மாதம் வேலையே நின்றுபோனது. அடுத்த வருஷம் ஒரு கட்டிலும் ஒரு அடுப்பும் வாங்கினார்கள். கட்டில் மேலே அப்பளம், கீழே அடுப்பு. மழையிலும் வேலை நடந்தது. நம்ம வீட்டில் மழை நாளில் பிள்ளைகளின் யூனிஃபார்மை அடுப்புப் பக்கம் காயப் போடுகிற மாதிரிதான்!

இவர்களிடம் நாம் பார்க்க வேண்டியது இரண்டு. ஒன்று, அங்கே முதலாளி என்று யாரும் கிடையாது. வேலை செய்கிற எல்லாரும் பங்குதாரர். லாபம் வந்தாலும் நஷ்டம் வந்தாலும் எல்லாருக்கும் பொது. இரண்டாவது, கிளையை நடத்துகிற பெண் அப்பளம் தேய்த்தவர்களில் இருந்துதான் வருவார். அவருக்கு சஞ்சாலிகா என்று பெயர். மாவு எந்தப் பதத்தில் இருக்கணும், தேய்த்தால் தோள் எப்படி வலிக்கும் என்பது அவருக்குத் தெரியும். வேலையின் வலி தெரிந்தவர் வேலை சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள்.

சென்னையில் கூடைக்காரப் பெண்கள்

1978-இல் சென்னையில் ஜெயா அருணாச்சலம் அவர்கள் 'ஒர்க்கிங் விமன்ஸ் ஃபோரம்' என்ற உழைக்கும் பெண்கள் அமைப்பைத் தொடங்கினார். சேர்ந்தவர்கள் பெரும்பாலும் காய்கறி, பூ, மீன், இட்லி விற்ற குடிசைப் பகுதிப் பெண்கள். காலையில் வட்டிக்கு வாங்கி, சாயந்தரம் திருப்பிக் கொடுத்து, மீதி இருந்ததில் அரிசி வாங்கியவர்கள். பேங்கில் 4 சதவீத வட்டிக்குக் கடன் தரும் திட்டம் அப்போதே இருந்தது. ஆனால் இவர்கள் பேங்க் படி ஏறினால் யார் மதிப்பார்கள்?

அதற்கு ஒரு வழி கண்டார்கள். ஒரே தெருவில், பக்கம் பக்கமாக இருக்கிற 10 முதல் 20 பெண்கள் ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். தங்களுக்குள்ளேயே ஒரு தலைவியைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒருவருக்கு ஒருவர் ஜாமீன். யார் உண்மையில் வியாபாரம் செய்கிறாள், யாருக்கு எவ்வளவு கடன் தாங்கும் என்று தலைவிதான் சொல்ல வேண்டும். தவணை ஒழுங்காக வருகிறதா என்று பார்ப்பதும் அவர் வேலை. பேங்கில் ஆன தாமதத்தையும் அலைக்கழிப்பையும் பார்த்துவிட்டு, 1981-இல் தங்களுக்கென்றே ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள்.

வெளியில் இருந்து ஒரு படித்தவரைக் கொண்டு வந்து தெருவுக்குத் தலைவியாக உட்கார வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அந்தத் தெருவின் பூக்காரிதான் தலைவி. அதிகாரிக்குப் பதில் சொல்வதற்கு முன்னால், பக்கத்து வீட்டுக்காரிக்குப் பதில் சொல்ல வேண்டியவர்.

நெல்லூர்ப் பக்கத்துச் சேதி

நம்மில் பாதிப் பேருக்குப் பிறந்த வீடோ புகுந்த வீடோ ஆந்திராவில்தான். அதனால் இந்தச் சேதி கொஞ்சமாவது காதில் விழுந்திருக்கும். 1990களின் தொடக்கத்தில் நெல்லூர் மாவட்டத்தில் எழுத்தறிவு வகுப்புகள் நடந்தன. இரவில் வகுப்புக்கு வந்த பெண்கள், பாடத்தில் வந்த கதையைப் படித்துவிட்டுத் தங்கள் வீட்டுக் கதையைப் பேச ஆரம்பித்தார்கள். எல்லார் வீட்டிலும் ஒரே கதை, சாராயம். தூபகுண்டா என்ற கிராமத்துப் பெண்கள் தங்கள் ஊர்ச் சாராயக் கடையை மூட வைத்தார்கள். ரோசம்மா என்பவரின் பெயர் அப்போது எங்கும் பேசப்பட்டது. ஊருக்கு ஊர் பரவி, 1993 அக்டோபரில் ஆந்திர அரசு சாராயத்தைத் தடை செய்தது.

அதற்குப் பிறகு அந்தப் பெண்கள் கலைந்து போய்விடவில்லை. மிச்சமான காசை ஒரு நாளைக்கு ஒரு ரூபாய் என்று சேமிக்கத் தொடங்கினார்கள். 'பொதுப்பு லக்ஷ்மி' என்று பெயர். பொதுப்பு என்றால் சேமிப்பு. போராட்டத்தில் ஒரு பெயர் வெளியே தெரியலாம். ஆனால் ஒவ்வொரு ஊரிலும் கடை வாசலில் போய் நின்றது அந்தந்த ஊர்ப் பெண்கள்தான். ஒரு ரோசம்மா ஆயிரம் ஊருக்குப் போயிருக்க முடியாது.

தர்மபுரியில் வந்த மூன்று பேர்

இப்போது நம்ம குழுக்களின் நேரடிக் கதைக்கு வருகிறேன். 1983-இல் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் தொடங்கப்பட்டது. 1989-இல் ஐ.நா. சபையைச் சேர்ந்த வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, தர்மபுரி மாவட்டத்தில் பெண்களுக்கான சுய உதவிக் குழுக்கள் ஆரம்பமாயின. கடன் கொடுக்க இந்தியன் வங்கி முன்வந்தது. பிறகு சேலம், தென்னார்க்காடு, மதுரை, ராமநாதபுரம் என்று பரவியது. 1992-இல் நபார்டு வங்கி நாடு முழுக்க 500 குழுக்களை பேங்கோடு இணைத்துப் பார்க்கும் சோதனையைத் தொடங்கியது. சொத்து ஜாமீன் இல்லாமல், குழு என்ற ஒற்றுமையை நம்பிக் கடன். 1997-98-இல் மகளிர் திட்டம் வந்தது. படிப்படியாக எல்லா மாவட்டங்களுக்கும், நம்ம திருவள்ளூர் மாவட்டத்துக்கும் குழுக்கள் வந்து சேர்ந்தன.

அந்தத் திட்டத்தில் ஒரு குழுவுக்கு ஒரு ஊக்குநர், இரண்டு பிரதிநிதிகள் என்று மூன்று பேர் வைத்தார்கள். ஒருத்தி போதாதா, எதற்கு மூன்று? ஊக்குநர் கூட்டத்தை நடத்தி, நோட்டு எழுதுவார். பேங்குக்குப் போவது, பணம் கட்டுவது, எடுப்பது எல்லாம் பிரதிநிதிகள் வேலை. எழுதுகிறவர் கையிலும் பணம் எடுக்கிறவர் கையிலும் ஒரே சமயத்தில் எல்லாம் இருக்காது. கையிருப்புப் பெட்டி ஒருத்தி வீட்டில், சாவி இன்னொருத்தி வீட்டில் என்று எங்கள் மாமியார் காலத்துக் குழுவில் வைத்திருந்தார்களாம். "சந்தேகப்பட்டா அப்படி வச்சீங்க?"ன்னு கேட்டேன். "இல்லடி, நாளைக்கு யாரும் சந்தேகப்படக் கூடாதுன்னு வச்சோம்" என்றார். இந்த ஒரு பதிலை நான் எந்தப் பயிற்சியிலும் கேட்டதில்லை.

2011-இல் தேசிய ஊரக வாழ்வாதார இயக்கம் வந்த பிறகு ஐந்து விதிகளைப் பஞ்ச சூத்திரம் என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, உள்கடன், ஒழுங்காகத் திருப்பிக் கட்டுதல், சரியான கணக்கு. இந்த ஐந்தில் தலைவி என்ற வார்த்தையே இல்லை, பார்த்தீர்களா? ஐந்தும் எல்லாரும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. அது நடக்கிறதா என்று பார்க்கத்தான் தலைவி.

நம்ம எல்லையின் பாடம்

1953-இல் ஆந்திரா பிரிந்தபோது நம்ம திருத்தணி சித்தூர் மாவட்டத்தோடு அந்தப் பக்கம் போனது. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் திரும்ப இந்தப் பக்கம் வந்தது. இதற்குப் போராடியவர் என்றால் ம.பொ.சி. பெயர் உடனே வரும். ஆனால் எல்லைக் கிராமங்களில் ஊர் ஊராகப் போய்த் தமிழ் சொல்லிக் கொடுத்த மங்கலங்கிழார், திருத்தணி வக்கீல் விநாயகம், பேர் தெரியாத எத்தனையோ பேர் அதில் இருந்தார்கள். சென்னையில் இருந்த தலைவருக்கு இங்கே கையும் காலுமாக இருந்தது அவர்கள்தான்.

கோடு மாறினாலும் வீட்டுக்குள் பாஷை மாறவில்லை. இன்றும் நம்ம குழுவில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு. தீர்மானம் தமிழில் எழுதுகிறோம். எழுதியதைத் தெலுங்கில் ஒருமுறை வாயால் சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்குகிறவர்தான் இந்த ஊருக்கு ஏற்ற தலைவி. புரியாமல் போட்ட கையெழுத்து அன்றைக்குச் சத்தம் போடாது, கடன் தவணை வரும்போதுதான் சத்தம் போடும்.

தையல் மையத்தில் இதெல்லாம் எப்படி?

நம்ம பக்கத்தில் நல்ல குழு ஒன்று இருந்தது. பேர் வேண்டாம். அதன் தலைவி தங்கமான மனுஷி. பாஸ்புக், தீர்மான நோட்டு, சீல் எல்லாம் அவர் வீட்டு பீரோவில். "அக்கா பார்த்துப்பாங்க" என்று எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள். திடீரென்று அவருக்கு ஆபரேஷன், சென்னையில் ஒன்றரை மாதம். இங்கே ஒருத்திக்கு மகள் காலேஜ் ஃபீஸ் கட்டக் கடைசித் தேதி. குழுவில் பணம் இருந்தது. எடுக்க வழி தெரிந்தவர் யாரும் இல்லை. அவள் வெளியில் 5 ரூபாய் வட்டிக்கு வாங்கினாள். யாரும் ஒரு பைசா தொடவில்லை, ஆனாலும் மனசு விட்டுப் போச்சு. நாலு மாதத்தில் குழு உடைந்தது. கெட்ட தலைவியால் மட்டும்தான் குழு உடையும் என்று நினைக்காதீர்கள். நல்ல தலைவியிடம் எல்லாவற்றையும் விட்டுவிட்டாலும் உடையும்.

தையல் மையத்தில் 11 பேர் மஞ்சப்பை தைக்கிறோம். ஆடிக் கிருத்திகை நெருங்கும்போது ஆர்டர் குவியும். காவடி எடுத்து மலையேறுகிற கூட்டத்தைப் போல வேலையும் வந்து மோதும். அங்கே இப்போது நன்றாக நடக்கிற சிலதைச் சொல்கிறேன். புதிதாக வருகிறவர் இதை விட்டுவிடக் கூடாது.

யார் எத்தனை பை தைத்தார்கள் என்று சாயந்தரம் எல்லார் எதிரிலும் பலகையில் எழுதுகிறோம். கூலிச் சண்டை இல்லை. தையல் கோணிப் போனால் அந்தப் பையைத் தனியாகக் கையில் கொடுத்துச் சொல்கிறோம். பாராட்டு என்றால் சத்தமாக. பொறுப்பில் இருப்பவரும் ஒரு மிஷினில் உட்கார்ந்து தைக்கிறார். துணி வெட்டுவது, தைப்பது, சரிபார்ப்பது என்று வேலையை மாற்றி மாற்றிக் கொடுப்பதால் ஒருத்தி லீவு போட்டால் இன்னொருத்தி செய்கிறாள். லேட்டாக வருகிறவளிடம் முதலில் காரணம் கேட்கிறோம். ஒரு சகோதரி தினமும் அரை மணி லேட். கேட்டால், குழாயில் தண்ணீர் வருகிற நேரம் அது. அவளுக்கு மட்டும் நேரத்தை மாற்றினோம், சாயந்தரம் அரை மணி கூட இருந்து கணக்கை முடிக்கிறாள்.

மீதி இருக்கிறது ஒன்றுதான். ஆர்டர் பேசுவதும் கடைக்காரரிடம் பாக்கி வசூலிப்பதும் இன்னும் ஒரே ஆள் கையில் இருக்கிறது. அவர் போகும்போது கூட ஒருத்தியை அழைத்துப் போகட்டும். முதல் தடவை நின்று பார்க்கட்டும். இரண்டாம் தடவை அவளே பேசட்டும். மூன்றாம் தடவை அவள் தனியாகப் போகட்டும்.

சகோதரிகளே, அடுத்த மாதம் பெயர் கேட்கும்போது தலையைக் குனிந்துகொள்ள வேண்டாம். நம்ம மலைக்கு 365 படி. யாரும் ஒரே தாவில் ஏறியதில்லை. எழுதத் தெரியாதவர் பேங்குக்குப் போகும் பிரதிநிதியாக இருக்கலாம். பேசப் பயப்படுகிறவர் கணக்கு எழுதலாம். இரண்டு வருஷம் இருந்தவர் எழுந்து இடம் கொடுத்து, புதியவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கலாம். தான் இல்லாத நாளிலும் கூட்டம் நடந்து, கணக்கு சரியாக இருந்தால், அந்தத் தலைவி நன்றாக வேலை செய்தார் என்று அர்த்தம்.

ஒற்றுமையே நம் சேமிப்பு.