ஒரே மலைக்கல், மூன்று கட்டடங்கள்

சரித்திரம் என்றதும் அநுராதபுரத்துத் தூபிகளையும் தஞ்சைப் பெரிய கோயிலையும் நினைப்பது நம் இளைஞர்களின் வழக்கம். நாம் பிறந்து வளர்ந்த லயத்துச் சுவருக்கும் ஒரு சரித்திரம் உண்டு என்பதை ஏனோ எண்ணுவதில்லை. ஹட்டன், நுவரெலியாப் பகுதிகளின் பழைய தோட்டங்கள் பலவற்றில் துரை பங்களா, தொழிற்சாலை, லயம் ஆகிய மூன்றும் அவ்விடத்து மலையிலே பிளந்த கருங்கல்லால் எழுந்தவை. அவற்றைச் சற்றே ஒப்பிட்டுப் பார்ப்போம்.

தொடக்கத்தில் துரைக்கும் கல்வீடு இருக்கவில்லை. 1852ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்திலிருந்து வந்த ஜேம்ஸ் டெய்லர், லூல்கந்துரத் தோட்டத்தில் மரக்குடிலொன்றிலே வாழ்ந்தார். 1867இல் அங்கே 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அவருடைய வீட்டு விறாந்தையே முதல் தொழிற்சாலை. மேசைமேல் கொழுந்தைக் கையாலே உருட்டி, மண்ணடுப்பிற் கரித்தணலிட்டு உலர்த்தினர். 1872இலேதான் தனித் தொழிற்சாலை அமைந்தது. அக்குடிலில் இன்று எஞ்சி நிற்பது கல்லாலான புகைபோக்கி மட்டுமே.

1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. தேயிலை மலையெங்கும் பரவ, கற்கட்டடங்களும் பெருகின. பங்களா மேட்டிலே அமைந்தது. குளிர்காய அறைகளிற் கணப்பு, அதற்கொரு புகைபோக்கி. புகையும் நெருப்பும் அண்டாதிருக்கச் சமையற்கட்டு பின்புறம் ஒதுங்கி நிற்கும். குதிரைலாயமும் வேலைக்காரர் அறைகளும் அதற்கும் அப்பால்.

நம்மவர் 'ஸ்டோர்' என்றழைக்கும் தொழிற்சாலையோ காற்றுக்காகவே எழுப்பப்பட்டது. பறித்த கொழுந்து வாடினாலன்றி அரைபடாது. ஆதலால் மேல்மாடிகளில் சாக்குத்துணித் தட்டுகளைக் கட்டி, கொழுந்தை மெல்லப் பரப்பினர். நான்கு புறமும் வரிசை வரிசையாய்ச் சன்னல்கள்; மழைக்காலத்தில் கீழ்த்தளத்து உலரடுப்பின் வெப்பக்காற்றை விசிறிகள் மேலே இழுத்துவரும். ஈரம் எவ்வளவு போகவேண்டும், எத்தனை மணி நேரத்திற் போகவேண்டும் என்பதெல்லாம் கணக்கிட்டே கட்டினர். அது உண்மையிலே பாராட்டத்தக்க கட்டடக் கலைதான்.

இனி லயத்துக்கு வருவோம். பெயரிலேயே மூன்று வெள்ளையர் ஆட்சியும் உறைகின்றன: காம்பரா போர்த்துக்கேயச் சொல், இஸ்தோப்பு ஒல்லாந்தச் சொல், லயம் ஆங்கிலச் சொல்! காம்பரா பொதுவாகப் பத்தடிக்குப் பன்னிரண்டடி. இரட்டை லயத்தில் இரு வரிசைகளும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்பதால் பின்சுவரிற் சன்னல் வைக்க வழியேயில்லை. அடுப்புக்குப் புகைபோக்கி இல்லை. இஸ்தோப்பிலேயே சமைத்தால் புகை உள்ளேதான் சுழலும். இடைச்சுவர்கள் பல இடங்களிற் கூரைவரை எட்டுவதில்லை. ஒரு வீட்டு இருமல் எல்லா வீட்டுக்கும் கேட்கும். ஒரு வீட்டில் தீப்பற்றினால் தகரக்கூரையின் கீழேயே லயம் முழுவதும் ஓடிவிடும். கொழுந்துக்கு எத்தனை சன்னல் வேண்டுமெனக் கணக்கிட்டவர்கள், கொழுந்து பறித்தவளுக்குக் கணக்கிடவில்லை.

அச்சுவருக்குள்ளே நூறாண்டுக்கு மேலாக வாழ்ந்தவர்க்கு அது சொந்தமாகவுமில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பெரும்பாலோர் குடியுரிமையும் பெறவில்லை. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் நிருவாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. காம்பராவுக்கு மட்டும் உறுதிப்பத்திரம் வரவில்லை. அண்மைக் காலத்தில்தான் ஏழு பேர்ச்சஸ் நிலத்தில் தனிவீடுகள் எழுகின்றன. இந்திய உதவியால் 4,000 வீடுகள் தொடங்கப்பட்டன. 2017 மே மாதம் நோர்வூட்டிலே இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார்.

கந்தப்பொலையிலே பழைய தொழிற்சாலையொன்று ஹோட்டலாக மாறியிருக்கிறது. கொழுந்து வாடிய மாடியிலே விருந்தினர் உறங்குகின்றனர். பழைய லயங்களோ ஒவ்வொன்றாய் இடிபடும், இடியத்தான் வேண்டும். ஆனால், இடியுமுன் நம் சங்கத்து இளைஞர்கள் ஓர் அளவுநாடாவும் கொப்பியும் எடுத்துச் செல்லட்டும். எந்த ஆண்டு கட்டியது, எத்தனை காம்பரா, எந்தக் காம்பராவில் யார் குடும்பம் எத்தனை தலைமுறை இருந்தது என்பதைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் இஸ்தோப்பிலே இன்னும் உட்கார்ந்திருக்கிறார்கள்.