கோழிக்கூண்டில் பிறந்த சொல்

1886. டச்சுக்காரர்கள் ஆண்ட கிழக்கிந்தியத் தீவுகளில் பெரிபெரி நோய் படைவீரர்களைச் சாய்த்துக்கொண்டிருந்தது. கால் மரத்து, நடை தள்ளாடி, கடைசியில் இதயமே நின்றுபோகும். எல்லா நோய்க்கும் கிருமியைத் தேடிய காலம் அது. பெரிபெரிக் கிருமியைக் கண்டுபிடிக்க ஒரு மருத்துவக் குழு கப்பலேறியது. குழுத்தலைவர்கள் ஊர் திரும்பிய பிறகும் ஜாவாவின் பட்டேவியா ஆய்வகத்தில் தங்கித் தேடினார் கிறிஸ்டியான் எய்க்மான். கிருமி மட்டும் அகப்படவேயில்லை.

திடீரென ஆய்வகக் கோழிகள் கால் தளர்ந்து விழுந்தன. அசல் பெரிபெரிபோலவே இருந்தது. நோயாளியின் ரத்தம் செலுத்திய கோழியும் விழுந்தது, செலுத்தாத கோழியும் விழுந்தது. சில மாதங்களில், மருந்தே இல்லாமல், அத்தனையும் எழுந்து நடந்தன!

துருவி விசாரித்தபோது குட்டு உடைந்தது. ராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய வெள்ளைச் சோறுதான் அத்தனை நாளும் கோழிகளுக்குத் தீனி. புதிதாக வந்த சமையல்காரர், ராணுவ அரிசியை ஆய்வகக் கோழிகளுக்குத் தர முடியாதென்று மறுத்துவிட்டார். பழையபடி தீட்டாத அரிசி வந்தது, நோய் போனது. வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு, தவிட்டில் அதற்கு மாற்று என்று எய்க்மான் முடிவுகட்டினார். அது தவறு.

உடலுக்கு இன்றியமையாத ஏதோ ஒன்று தவிட்டோடு போய்விடுகிறது என்று 1901-இல் சொன்னவர், அவருக்குப் பின் வந்த கெரிட் கிரைன்ஸ். அந்த ஏதோ ஒன்றுக்குப் பெயர்தான் இல்லை.

போலந்தில் பிறந்த காசிமிர் ஃபங்க், லண்டன் லிஸ்டர் ஆய்வகத்தில் தவிட்டைப் பிரித்து ஒரு சத்தை எடுத்தார். நோயுற்ற புறாக்கள் அதனால் தேறின. அது அமீன் வகை வேதிப்பொருள் என்று நம்பிய அவர், உயிரைக் குறிக்கும் லத்தீன் 'வீட்டா'வோடு அமீனைச் சேர்த்து 1912-இல் 'வைட்டமைன்' என்றார். ஸ்கர்வி, ரிக்கெட்ஸ் நோய்களுக்கும் இத்தகைய சத்துகளின் குறைவே காரணம் என்றார். பெயர் பரவியது. ஆபத்தும் பின்னாலேயே வந்தது.

அடுத்தடுத்துத் தெரியவந்த சத்துகள் எல்லாமே அமீன்கள் அல்ல என்று புரிந்தது. பெயரே பிழையானால் என்ன செய்வது? 1920-இல் ஜாக் டிரம்மண்ட் வழி சொன்னார்: ஆங்கில எழுத்துக்கூட்டலின் கடைசி 'இ'யை வெட்டிவிட்டால் அமீன் என்ற பொருள் மறைந்துவிடும். அந்த ஒற்றை வெட்டில் பிறந்ததுதான் 'வைட்டமின்'.

1926-இல் அதே பட்டேவியாவில் யான்சன், டோனாத் இருவரும் தவிட்டுச் சத்தைப் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். இன்று தயமின் எனப்படும் வைட்டமின் பி1 அது. அதன் மூலக்கூறில் அமீன் தொகுதி இருந்தது! எந்தச் சத்துக்காக ஃபங்க் பெயர் வைத்தாரோ, அதற்கு அவர் பெயர் முழுதும் பொருந்தியது.