குதிரைப் பயிற்சி (தொண்டை நாடு)

சவாரிக் குதிரை கடிவாளத்தின் மேல் சாயாமல் தன் பாரத்தைத் தானே தாங்கி நடக்கப் பழக்குவது, குதிரைப் பயிற்சியில் மிகுந்த பொறுமை கேட்கும் கட்டம். நிற்கும் குதிரையின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு முன்னங்கால்களில் இறங்குகிறது. முதுகில் ஆள் ஏறினால் அந்தப் பாரம் இன்னும் கூடும். அப்போது குதிரை சவாரிக்காரரின் கையை ஐந்தாவது காலாக்கிக்கொள்கிறது. அவர் இழுத்தால் அதுவும் இழுக்கும். பிடித்துக்கொள்ள எதிரே ஒரு கை இல்லாவிட்டால் அதனால் சாய முடியாது. ஆகவே காலால் முன்னே தூண்டி, வாரை ஒரு கணம் பிடித்து உடனே விட்டு, வட்டங்களாலும் நடை மாற்றங்களாலும் பின்னங்கால்களை வயிற்றுக்கடியில் வரச் செய்கிறார்கள். பழகிவிட்டதா என்று பார்க்க இரண்டு மூன்று எட்டுக்கு வாரைத் தளர்த்துவார்கள். தலை தாழாமலும் வேகம் கூடாமலும் அதே நடை தொடர்ந்தால் பயிற்சி பலித்தது எனலாம்.

கிரேக்கத்தில் செனபோன் கி.மு. 4ஆம் நூற்றாண்டிலும், பிரான்சில் கெரினியேர் 1733இல் வெளிவந்த நூலிலும் இந்த இலகுவான கையைப் பற்றி விரிவாக எழுதினர். தமிழ்நாட்டுச் சான்றுகள் குதிரையின் நிறம், சுழி, விலை பற்றித் தாராளமாகப் பேசுகின்றன. கையும் வாயும் சேரும் இடம் பற்றிய செய்திகளை அங்கங்கே பொறுக்கித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

அவற்றுள் அருமையானது அகநானூற்றின் 4ஆம் பாடலில் உள்ளது. கார்காலத்தில் வீடு திரும்பும் தலைவனின் தேர்க்குதிரைகள் பிடரி கத்தரிக்கப்பட்டவை. இழுத்துப் பிடித்த வார் யாழ் நரம்புக்கு ஒப்பிடப்படுகிறது. பூக்களில் துணையோடிருக்கும் வண்டுகள் கலங்குமே என்று தேர்மணியின் நாவைக் கட்டியவன், வாரை மட்டும் விறைப்பாகவே பிடித்திருக்கிறான். தேரோட்டத்தில் அப்படிப் பிடிப்பதே முறையா, வீடு சேரும் அவசரமா என்பது பாடலிலிருந்து தெளிவாகவில்லை.

பெரும்பாணாற்றுப்படை நீர்ப்பெயற்று என்னும் துறையில் வெண்ணிறப் பிடரிமயிர்க் குதிரைகள் கப்பலில் வந்திறங்கியதைச் சொல்கிறது. அத்துறை மாமல்லபுரமே என்பர் சிலர். வேறிடம் என்பாரும் உளர். மாமல்லபுரத்தின் ஐந்து ரதங்களருகே கல்லில் யானையும் சிங்கமும் காளையும் நிற்கின்றன, குதிரை இல்லை. சோழர் கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் வருகின்றனர்.

சான்று பெருகுவது 13ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். மாபர் எனப்பட்ட சோழமண்டலக் கரைக்கு அரபு, பாரசீகத் துறைகளிலிருந்து குதிரைகள் வந்துகொண்டே இருந்தன. மாபர், காம்பே முதலிய துறைகளுக்கு ஆண்டுக்கு 10,000 குதிரைகள் ஏற்றுமதியானதாகப் பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப் எழுதினார்; ஒன்றின் விலை 220 பொன் தினார், வழியில் கடலில் செத்தாலும் பணம் உண்டு. வந்த குதிரைகள் நெடுநாள் வாழவில்லை என்பதில் அவரும் மார்கோ போலோவும் ஒத்துப்போகின்றனர். காரணத்தில் வேறுபடுகின்றனர். பேணத் தெரிந்தவர்கள் இல்லை என்பது போலோவின் பேச்சு. வசாஃப் சொல்வது நம் பொருளுக்கு நெருக்கமானது: 40 நாள் முளையில் கட்டிக் கொழுக்க வைத்து, பழக்காமலும் அங்கவடி இல்லாமலும் வீரர்கள் ஏறி விரட்டினர், வலிமையான குதிரைகள் சிறிது காலத்திலேயே மந்தமாகிப் பயனற்றுப் போயின.

இதை அப்படியே ஏற்பதற்கில்லை. இருவரின் செய்திகளும் பெரும்பாலும் வணிகர் வழியே வந்தவை என்று கருத இடமுண்டு; குதிரை எவ்வளவு சீக்கிரம் செத்ததோ அவ்வளவு சீக்கிரம் அடுத்தது விற்றது. குதிரை வைத்தியமும் இங்கு அறியாத கலையன்று. சாலிகோத்திரர் பெயரில் வழங்கும் வடமொழி மரபு பழமையானது. நகுலன் பெயரிலான அசுவசாஸ்திரத்தைத் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் 1952இல் வண்ணப் படங்களோடு பதிப்பித்தது. குதிரை நடைகளை ஐந்து கதிகளாகப் பிரித்து, மயிலும் குரங்கும் நடப்பதைக் கொண்டு பெயரிட்ட மரபும் உண்டு. பெயர்ப்பட்டியல் நூலுக்கு நூல் மாறுகிறது. ஆயினும் மயில்நடை என்று ஒரு குதிரை நடைக்குப் பெயர் வைத்தவர்கள் அதை நின்று கவனித்திருக்க வேண்டும்.

விசயநகரக் காலத்தைச் சேர்ந்த காஞ்சி வரதராசப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத் தூண்களில் குதிரைகள் முன்னங்கால்களை உயர்த்திப் பின்னங்கால்களில் எழுந்து நிற்கின்றன. இது உண்மையான பயிற்சியைப் பார்த்துச் செதுக்கியதா, சிற்ப மரபு மட்டுமா என்பதில் உறுதி இல்லை.

1714இல் போரில் மாண்ட செஞ்சித் தேசிங்கின் கதைப்பாடல், எவருக்கும் அடங்காத பாராசாரி என்னும் குதிரையை அவன் அடக்கியதைப் பாடுகிறது. கை நயத்தைவிடத் துணிவே அங்கு புகழப்படுகிறது. ஆங்கிலேயர் காலத்தில் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துப் பரங்கிமலை பீரங்கிப் படையின் தலைமையிடமாயிற்று. படைக்குதிரைகளுக்கு ஓசூர் மத்திகிரியில் பண்ணை இருந்தது.

இன்று மாமல்லபுரக் கடற்கரையில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் குதிரைகளை ஆள் கயிற்றில் பிடித்து நடத்துகிறார். சென்னையில் குதிரைப்படைக் காவலர் பிரிவு உள்ளது. தன் பாரத்தைத் தானே தாங்கும் நடையையும் மதிப்பிடும் டிரஸ்ஸாஜ் போட்டியில், 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்திய அணி தங்கம் வென்றது. குதிரையேற்றத்தில் 1982க்குப் பின் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம் இது. அணியின் நால்வரும் ஐரோப்பாவில் பயிற்சி பெற்றவர்கள்.